ஊழியரின் வீடும் சபையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கிறவர்கள் பெரும்பாலும் எத்திரோ மோசேக்குச் சொன்ன நிர்வாக ஆலோசனையையே எடுத்துக்கொள்கிறார்கள். ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவர்களை ஏற்படுத்தச் சொன்ன அந்த மாமனார், அதற்கு முந்தின நாள் வேறொரு காரியத்தைச் செய்து முடித்திருந்தார். திருப்பி அனுப்பப்பட்டிருந்த மோசேயின் மனைவி சிப்போராளையும் இரண்டு ஆண்பிள்ளைகளையும் வனாந்தரத்துக்கே அழைத்து வந்து மோசேயிடம் சேர்த்த பிறகுதான் அவர் வேலைப்பளுவைப் பற்றி வாய் திறந்தார். திருநெல்வேலிப் பகுதிச் சபைகளில் ஊழியர், அவருடைய குடும்பம், சபை மக்கள் ஆகிய மூவருக்கும் இடையே திரும்பத் திரும்ப நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, குடும்பத்தையும் சபையையும் ஊழியருடைய கருவியாகவோ சொத்தாகவோ நினைப்பதிலிருந்தே பிறக்கின்றன.

ஆயர் ஒருவர் சேகரத்துக்கு (அவர் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதிக்கு) வந்ததும், அவருடைய மனைவியும் சம்பளமில்லாமல் நியமிக்கப்பட்டுவிட்டதாகச் சபை எடுத்துக்கொள்வது இவற்றில் மிகவும் பரவலான தவறு. பெண்கள் ஐக்கிய சங்கம், ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, வீட்டு ஜெபக்கூட்டம் ஆகிய எல்லாவற்றிலும் 'ஐயரம்மா' முன்நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள், அவருக்கும் ஒரு வேலை இருக்கலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள். கமிட்டிக் கூட்டம் ஆயர் குடியிருக்கும் குருமனையின் முன்னறையில் இரவு பத்து மணியைத் தாண்டியும் நடக்கும். ஆலயத்துக் கிணற்று மோட்டாரைப் பழுதுபார்ப்பதா, புதிதாக வாங்குவதா என்று வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்க, உள்ளறையில் பிள்ளை மறுநாள் கணக்குத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும். காலையில் பள்ளிக்கூட வேலைக்கு முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பெண் காப்பி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருப்பார். கூட்டத்தை ஆலய வளாகத்திலேயே வைத்துக்கொண்டு ஒன்பது மணிக்கு முடிப்பதற்கு எந்தத் தீர்மானமும் தேவையில்லை. இடையன்குடியில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னும் தொழிலையும் வளர்த்த, பிஷப் கால்டுவெல்லின் மனைவி எலைசா கால்டுவெல்லைச் சிலர் முன்மாதிரியாகக் காட்டுவார்கள். அவர் மிஷனரி வீட்டில் பிறந்து, நாகர்கோவிலில் தமிழ் பேசி வளர்ந்தவர். அந்தப் பணிக்கு வேண்டிய வரமும் பயிற்சியும் அவரிடம் இருந்தன. எல்லா ஆயர் மனைவிகளிடமும் அதையே கேட்பது நியாயமன்று. விருப்பத்தோடு செய்ய வருகிறவரை அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லாமல் 'ஆயரின் துணைவியார்' என்று மட்டும் ஆண்டறிக்கையில் அச்சிடுவதும் நியாயமன்று.

ஊழியர் தரப்பிலும் தவறு உண்டு. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் 'கொர்பான்' (தேவனுக்குக் கொடுத்த காணிக்கை) என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டித்ததை மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆனாலும் ஊரில் தனியாக இருக்கும் தாயின் மருத்துவச் செலவைத் தம்பி தலையில் கட்டிவிட்டு, அதைத் தியாகம் என்று சாட்சி சொல்கிறவர்கள் இருக்கவே செய்கிறார்கள். இதற்கு நேர்மாறாக, பிள்ளை பிறந்தபோது பண்ணிய பொருத்தனையை (நேர்ச்சையை) காட்டி, வேறு வேலை கிடைக்காத மகனை இறையியல் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோரும் இருக்கிறார்கள். அழைப்பைச் சோதித்தறிவதில் குடும்பத்துக்கும் சபைக்கும் பங்கு உண்டு என்பதனால், சேகர மன்றத்தின் பரிந்துரைக் கடிதம் வெறும் கையெழுத்தாகிவிடக் கூடாது. ஆயருடைய பிள்ளைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: அவர்களும் மற்றப் பிள்ளைகளைப் போன்றவர்களே, அவர்களுடைய மதிப்பெண்ணும் உடையும் மன்றத்தின் அலுவல் அல்ல.

சுயாதீன சபைகளில் கவனிக்க வேண்டியது வாரிசு முறை. தீர்க்கதரிசியாகிய சாமுவேல் தம்முடைய குமாரராகிய யோவேலையும் அபியாவையும் நியாயாதிபதிகளாக்கினார். அவர்களோ பரிதானம் (லஞ்சம்) வாங்கினார்கள். மூப்பர்கள் அதை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னது சரிதான், அதற்குப் பரிகாரமாக ராஜாவைக் கேட்டதில்தான் கோளாறு. போதகரின் மகனுக்கும் உண்மையான அழைப்பு இருக்கலாம், ஆனால் அதை உறுதிப்படுத்த வேண்டியது சபை. மக்களின் காணிக்கையில் வாங்கிய நிலம் போதகர் பெயரில் பதிவாகி, டிரஸ்ட் பத்திரத்தில் கணவன், மனைவி, மகன், மருமகள் மட்டுமே இருந்தால், அவர் இறந்த மறுநாளே அது பாகப்பிரிவினை வழக்காகிவிடும். அறங்காவலர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் உறவினர் அல்லாதவர்களாக இருப்பதும், ஆராதனை முடிந்த கையோடு உறவில்லாத இருவர் காணிக்கையை எண்ணிக் கையெழுத்திடுவதும், தணிக்கை செய்த கணக்கை ஆண்டுதோறும் சபைக்கு முன் வாசிப்பதும் போதகரையே முதலில் பாதுகாக்கும்.

சபையின் ஒற்றுமை என்ற பெயரில் சாதியின் ஒற்றுமையைக் காப்பாற்றுவது எல்லாவற்றிலும் ஆழமான தவறு. இந்தப் பகுதியில் பல இடங்களில் உறவுமுறை உறவுமுறையாகவே மக்கள் கிறிஸ்தவர்களானார்கள். 1799-இல் கிறிஸ்தவக் குடியிருப்பாக உருவான முதலூரும், துன்புறுத்தப்பட்டவர்களைக் குடியமர்த்த நிலம் வாங்குவதற்காக 1830-இல் மிஷனரி ரேனியஸ் காலத்தில் தொடங்கிய தரும சங்கமும் அந்தக் கூட்டு வாழ்வின் பலத்துக்குச் சான்றுகள். அதே உறவுக்கட்டுதான் இன்று மன்றத் தேர்தலில் வாக்குக் கணக்காகவும், சில ஊர்களில் தனித்தனிக் கல்லறைத் தோட்டமாகவும் நிற்கிறது. அசனம் என்னும் சபை விருந்தில் எல்லாருக்கும் ஒரே பந்திதான் என்று பெருமையாகச் சொல்கிறோம். சமைப்பதும் பரிமாறுவதும் எந்தத் தெருக்காரர்கள், எச்சில் இலை எடுப்பது எந்தத் தெருக்காரர்கள் என்று ஒருமுறை நின்று பார்த்துவிட்டு அதைச் சொல்லலாம். ஆயரை அனுப்பும்போதும் 'நம்ம ஆள்தானா' என்று விசாரிக்கும் சபை, எவ்வளவு ஜெபித்தாலும் இந்த நோயிலிருந்து விடுபடாது.

கடைசியாக, கொடுப்பதோடு பொறுப்பு முடிந்தது என்று எண்ணும் தவறு. 1903-இல் வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அவருடைய தோழர்களும் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தை இந்தியப் பணத்திலும் இந்திய ஆள்களைக் கொண்டும் தொடங்கினார்கள். உலையில் போடும் முன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வைக்கும் பழக்கத்தால் வீட்டுப் பெண்களும் ஊழியத்தைத் தாங்கினார்கள். இப்போது காணிக்கை வங்கிக் கணக்கு வழியாகப் போய்விடுகிறது. அனுப்பப்பட்டவருடைய பிள்ளை எந்த விடுதியில் இருக்கிறது, மருத்துவக் காப்பீடு இருக்கிறதா, ஊரிலிருக்கும் தகப்பனாரை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. விடுப்பில் வரும் மிஷனரியை இறங்கிய வாரமே சபை சபையாகப் பேச அழைத்துச் செல்லாமல், முதல் இரண்டு வாரம் குடும்பத்தோடு விட்டுவிட்டு, அதற்குப் பிறகு கூட்டத் தேதியை அவரிடமும் அவருடைய மனைவியிடமும் கேட்டுக் குறிக்கலாம்.