பெரிய கோயில் விமானம் படத்தில் சாயாமல் இருக்க

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போனில் எடுத்தால் பின்பக்கம் மல்லாந்து விழுவதுபோல் வருகிறதா? எனக்கும் அப்படித்தான் வந்தது. போனை அண்ணாந்து பிடித்தால் செங்குத்துக் கோடுகள் மேலே போகப்போக உள்நோக்கிச் சாயும். ஏற்கெனவே கூம்பிப் போகும் விமானத்தில் அது இன்னும் அதிகமாகத் தெரியும்.

தென்மேற்கு மூலைப் பக்கம் முடிந்தவரை பின்னால் போய், அகலக் கோண லென்ஸை வைத்து, போனைச் செங்குத்தாகப் பிடித்ததும் சரியாகிவிட்டது. கீழ்ப்பாதி முழுக்க வெறும் தரை வரும். பரவாயில்லை, அப்புறம் வெட்டிக்கொள்ளலாம். திருச்சுற்று மாளிகைத் (கோயிலைச் சுற்றி ஓடும் தூண் மண்டபம்) தூண் ஒன்று திரையின் கிரிட் (கட்டம்) கோட்டுக்கு இணையாக நின்றால் போன் நேராக இருக்கிறது என்று அர்த்தம்.

1010-இல் கட்டி முடித்த, 60 மீட்டருக்கும் மேல் உயர்ந்த இந்த விமானத்துக்கு அந்தக் கூம்பு வடிவம்தான் உயிர். வைகாசி மாலையில் மேற்கு முகத்தில் வெயில் விழும், தெற்கு முகம் நிழலில் இருக்கும். இரண்டும் சந்திக்கும் விளிம்பு படிப்படியாக உச்சிவரை ஏறும். அதை நடுவில் வைக்காமல் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினேன். நிழல் பக்கம் கூடுதலாகத் தெரிந்தால் கல்லின் கனம் படத்தில் வருகிறது. ட்ரைபாட் வேண்டாம், அதற்குத் தொல்லியல் துறை அனுமதி வாங்க வேண்டும்.