ரீபூட் செய்ததும் நின்றுபோன வெப் சர்வர்: என் அனுபவம்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்காக நான் பராமரித்துவரும் ஒரு சிறிய வெப் சர்வர் பேக்கேஜ், நிறுவியவுடன் ஒழுங்காக இயங்கியது. கணினியை ரீபூட் செய்தாலோ, பிஐடி கோப்பை (இயங்கும் நிரலின் அடையாள எண்ணைக் குறித்துவைக்கும் கோப்பு) எழுத முடியவில்லை என்ற பிழையோடு நின்றுவிட்டது. நிறுவும்போது ஓடும் போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்ட், 'வார்' அடைவிலுள்ள 'ரன்'னுக்குள் ஒரு துணை அடைவை உருவாக்கி, அதைச் சர்வரின் பயனருக்கு உரிமையாக்கியிருந்தது. ஆனால் 2013-இல் வெளிவந்த டெபியன் 7 முதலே அந்த இடம் நினைவகத்தில் மட்டும் வாழும் டிஎம்பிஎஃப்எஸ் கோப்பு முறைமையைச் சுட்டுவதால், அங்கே உருவாக்கப்படும் எதுவும் ரீபூட்டுக்குப் பின் எஞ்சுவதில்லை.

கணினியில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சேவைக் கோப்பில், சேவை தொடங்கும்போதெல்லாம் அடைவை உருவாக்கும் 'ரன்டைம்டைரக்டரி' என்ற ஒரு வரியைச் சேர்ப்பதே பலரும் கூறும் தீர்வு. எனக்கு அது பொருந்தவில்லை: ரூட்டாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகப் பயனராக) தொடங்கி, வலை இணைப்புகளுக்கான 80-ஆம் போர்ட்டைத் திறந்த பிறகே உரிமைகளைக் கைவிடும் சர்வருக்கு அந்த அடைவு ரூட்டின் உடைமையாகவே உருவாகும், தவிர, சேவையை நிறுத்தும்போது அடைவும், பிற நிரல்களோடு பேசுவதற்காக அதிலிருக்கும் ஃபாஸ்ட்சிஜிஐ சாக்கெட்டும் சேர்ந்தே நீக்கப்படும்.

ஆகவே அடைவின் பெயர், அனுமதி எண் 0750, உடைமையாளர், குழு ஆகியவற்றை ஒரே வரியில் குறிக்கும் டிஎம்பிஃபைல்ஸ் கோப்பு (கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் சிஸ்டம்டி இதைப் படித்து அடைவை உருவாக்கும்) ஒன்றைப் பேக்கேஜில் சேர்த்தேன். டெபியன் பேக்கேஜ்களை உருவாக்க உதவும் டெப்ஹெல்பரின் 13-ஆம் இணக்க நிலையில், அதை உரிய இடத்தில் வைப்பதும், நிறுவும்போதே அடைவை உருவாக்க வைப்பதும் தாமாகவே நடக்கின்றன. சிஸ்டம்டி இல்லாத கணினிகளையும் கைவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவற்றுக்காக, அங்கே சர்வரைத் தொடங்கிவைக்கும் இனிட் ஸ்கிரிப்டின் தொடக்கத்திலும் அதே அடைவை உருவாக்கும் கட்டளையை எழுதினேன். இப்போது ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் பேக்கேஜை மெய்நிகர் கணினியில் நிறுவி, ரீபூட் செய்து சரிபார்த்த பின்னரே பதிவேற்றுகிறேன்.