அழித்த லாக் விடாத இடம்

டிஸ்க் எவ்வளவு நிரம்பியது என்று காட்டும் டிஎஃப் கட்டளையைக் கொடுத்தால் டிஸ்க் 100% நிரம்பியிருக்கிறது. கோப்புகள் பிடித்திருக்கும் இடத்தை டியூ கட்டளையால் கூட்டினால் பாதிகூட வரவில்லை. லினக்ஸில் இப்படி ஆனால், அழித்த லாக் (பதிவு) கோப்பை ஏதோ ஒரு ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், இன்னும் திறந்து வைத்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். அது திறந்திருக்கும் வரை கோப்பின் இடம் விடுபடாது. ரூட்டாக (நிர்வாகியாக), ப்ராசஸ்கள் திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ் -எல் /ப்ராக்/*/எஃப்டி' ஓடவிட்டு, 'டெலீட்டட்' என்று முடியும் வரியைத் தேடினேன். 1432 என்ற எண்ணுள்ள ப்ராசஸ் திறந்திருந்த கோப்புகளில் 4-ஆம் எண்ணில் மாட்டியது. அங்கே தெரியும் 64 என்ற அளவை நம்ப வேண்டாம், அது கோப்பைச் சுட்டும் இணைப்பினுடையது. கோப்பின் அளவு வேண்டுமானால் ஸ்டாட் கட்டளைக்குப் பெரிய எழுத்து 'எல்' கொடுக்க வேண்டும். ப்ராசஸை நிறுத்த வழியில்லாததால் ': > /ப்ராக்/1432/எஃப்டி/4' என்று காலி செய்தேன், இடம் உடனே திரும்பியது. நிரல் கோப்பை அப்பெண்ட் முறையில் (எப்போதும் கோப்பின் முடிவில் சேர்த்து எழுதும் முறை) திறந்திருக்காவிட்டால் பழைய இடத்திலிருந்தே தொடர்ந்து எழுதும். அளவு பழையபடி பெரிதாகத் தெரியும், ஆனால் முன்பகுதி வெறும் ஓட்டை, டிஸ்கில் இடம் பிடிக்காது.