ஃபிஞ்ச் ஜோடியை அவையே காட்டிக்கொடுக்கும்
ஜீப்ரா ஃபிஞ்ச் என்ற சின்னக் கூண்டுப் பறவையை வாங்கும்போது ஓர் ஆண், ஒரு பெண் என்று நீங்களாகப் பொறுக்காதீர்கள். கூட்டமாக இருக்கும் கூண்டைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். ஒட்டி உட்கார்ந்து, ஒன்றின் கழுத்து இறகை மற்றொன்று கோதிவிடும் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். பெரும்பாலும் ஆயுளுக்கும் ஒரே துணை என்று வாழும் பறவை இது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், தாமே துணை தேடிய ஜோடிகள், மனிதர் சேர்த்துவைத்தவற்றைவிட 37% கூடுதலாகக் குஞ்சுகளை வளர்த்தன. ஆணின் பாட்டை மட்டும் நம்ப வேண்டாம், அது தனியாக இருந்தாலும் பாடும். இரண்டு ஆண்களும் இப்படி ஒட்டிக்கொள்வதுண்டு. அதனால் ஆணின் அடையாளமான ஆரஞ்சுக் கன்னம் ஒன்றுக்கு மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள் (வெள்ளை நிற வகையில் இது தெரியாது). அலகு இன்னும் கருப்பாக இருக்கும் இளசுகளுக்கும், மொத்தக் கூட்டமே நெருக்கியடித்து உட்காரும் பெங்காலீஸ் ஃபிஞ்சுக்கும் இந்த வழி சரிப்படாது.