மெயில் வரவில்லையே, அப்படியென்றால் எல்லாம் சரிதானே?

டெபியனோ ஆல்பைனோ (இரண்டும் லினக்ஸ் வகைகள்) போட்ட சின்ன சர்வர் ஒன்று. பேக்கப் தோற்றாலோ டிஸ்க் நிரம்பினாலோ அதிலிருந்து ஒரு மெயில் வரவேண்டும், அவ்வளவுதான் தேவை. இதை அமைக்க வரும் புதியவர்கள் வரிசையாக அதே குழிகளில் விழுகிறார்கள். பாதிக் குழிகள் எனக்கும் பழக்கமானவைதான். முகவரியில் எழுத்துப்பிழை, பாஸ்வேர்டில் ஓர் எழுத்து விட்டுப்போவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவை உடனே பல்லைக் காட்டிவிடும். காட்டாமல் இருப்பவைதான் தொல்லை.

ஒரு கடிதம் போட தபால் நிலையம் கட்டுவது

முதல் வேலையாக போஸ்ட்ஃபிக்ஸ் என்ற முழு மெயில் சர்வரை நிறுவிவிடுகிறார்கள். அருமையான மென்பொருள்தான். ஆனால் வெளியிலிருந்து மெயில் வாங்க வேண்டியதில்லாத சர்வருக்கு அத்தனை அமைப்புகள் எதற்கு? எம்எஸ்எம்டிபி, நல்மெயிலர், டிஎம்ஏ என்று மெயில் அனுப்புவதற்கான சின்ன நிரல்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்று போதும். இவற்றுக்குள் ஒரு வித்தியாசம் மட்டும் முக்கியம். எம்எஸ்எம்டிபிக்கு வரிசை கிடையாது. அனுப்பும் நொடியில் இணையம் இல்லையென்றால் அந்த மெயில் போனது போனதுதான். நல்மெயிலரும் டிஎம்ஏவும் மெயிலை வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும். லைன் அடிக்கடி அறுந்துபோகும் இடத்தில் சர்வர் இருந்தால் நான் நல்மெயிலரைத்தான் போடுவேன். பழைய குறிப்புகளில் எஸ்எஸ்எம்டிபி என்று ஒன்று வரும். பராமரிப்பார் இல்லாமல் கிடக்கிறது, தொட வேண்டாம்.

25ஆம் போர்ட்

மெயில் சர்வர்கள் தங்களுக்குள் மெயிலைக் கைமாற்றும் வாசல் இது. மல்லுக்கட்டாதீர்கள். கூகுள் கிளவுடும் அமேசானும் அதை வழக்கமாக அடைத்தே வைத்திருக்கின்றன. மெயில் சேவையிடம் மெயிலைக் கொடுக்க 587 அல்லது 465 போதும்.

சொந்த ஜிமெயிலைச் சர்வரிடம் கொடுப்பது

சாதாரண பாஸ்வேர்டைக் கொண்டு இப்படி நுழைவதை கூகுள் 2022 மே மாதத்தோடு நிறுத்திவிட்டது. இப்போது இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு ஒன்றை எடுக்க வேண்டும். 'இது அனுப்ப மட்டும்தானே' என்று நினைக்கிறார்கள். இல்லை. அதே பாஸ்வேர்டை வைத்து ஐமேப் வழியாக உங்கள் மெயில் முழுவதையும் படிக்கலாம். அதை எழுதிவைத்த கோப்புக்கு முதலில் 600 அனுமதி (உரிமையாளர் மட்டும் படிக்கலாம்) கொடுப்பார்கள். அப்புறம் வெப் சர்வரின் பயனருக்குப் படிக்க முடியவில்லை என்றதும் 644 (எல்லாரும் படிக்கலாம்) ஆக்கிவிடுவார்கள். அன்றோடு அந்த மெஷினில் கணக்குள்ள எவருக்கும் உங்கள் இன்பாக்ஸ் திறந்த வீடு. சர்வருக்கென்று தனிக் கணக்கு வையுங்கள். அதைவிட நல்லது, அமேசான் எஸ்இஎஸ் மாதிரி, அனுப்ப மட்டுமே உரிமை தரும் சேவை.

சான்றிதழ் சோதனையை அணைப்பது

வேண்டாம். எதிர்முனையில் இருப்பது உண்மையான மெயில் சேவைதானா என்று பார்ப்பது அந்தச் சோதனைதான். அது தோற்றால், சிறிய லினக்ஸ் இமேஜ்களில் சான்றிதழ்த் தொகுப்பு இருக்காது, அதை நிறுவினால் சரியாகிவிடும். ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியாக இருந்தால் கடிகாரத்தையும் பாருங்கள், தேதி தவறினால் நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தெரியும்.

தோற்றால் மட்டும் மெயில்

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ஸ்கிரிப்டின் கடைசியில் 'தோற்றால் மெயில் அனுப்பு' என்று ஒரு வரி. சோதித்தபோது மெயில் வந்தது. சரி, வேலை முடிந்தது என்று டெர்மினலை மூடிவிடுகிறார்கள். அன்றிலிருந்து மெயில் வராத நாளெல்லாம் நல்ல நாளாகக் கணக்கில் ஏறுகிறது. பேக்கப் ஒழுங்காக நடந்தாலும் மெயில் வராது, மெயில் போகும் வழியே செத்துவிட்டாலும் வராது. இன்பாக்ஸில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் யாரோ போலி மெயிலில் வந்த லிங்கை அழுத்திவிட்டார்கள். பதறிப்போய் அலுவலகக் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினார்கள். அது சரியான காரியம்தான். ஆனால் அந்தப் பாஸ்வேர்டை மாற்றினால் கணக்கின் கீழ் எடுத்த ஆப் பாஸ்வேர்டுகளும் ரத்தாகிவிடும். சர்வரிடம் இருந்ததும் செத்தது, யாருக்கும் தெரியாது. பிறகு ஒருநாள் பிளக் பாயிண்ட் தேவைப்பட்டு, பேக்கப் எடுக்கும் வெளி டிஸ்க்கைக் கழற்றி வைத்தார்கள். மறுபடி மாட்டவில்லை. ஸ்கிரிப்ட் ஒவ்வொரு இரவும் தோற்றது.

ரிட்டர்ன் தாக்கல் நெருக்கத்தில் ஒரு வாடிக்கையாளரின் லெட்ஜர் அழிந்துபோனது. பேக்கப்பில் கிடைத்த கடைசிப் பிரதி மாதக்கணக்கில் பழையது. "ஃபெயிலியர் மெயில் ஒண்ணுகூட வரலையே சார்" என்றார் கணினியைப் பார்த்துக்கொள்ளும் தம்பி. அவர் சொன்னதில் பொய் இல்லை. எம்எஸ்எம்டிபியின் லாக்கைத் திறந்தால், ஒவ்வொரு இரவும் 2 மணிக்கு ஒரு வரி: 535, 5.7.8, பயனர் பெயரும் பாஸ்வேர்டும் ஏற்கப்படவில்லை. தேதி மட்டும்தான் மாறிக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்ல முடியவில்லை என்ற சேதியை ஸ்கிரிப்ட் யாரும் திறக்காத கோப்பில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டு பேர் உட்கார்ந்து, பில்களைப் பிரித்துவைத்து, எல்லாவற்றையும் மறுபடி தட்டினார்கள்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில், 'அப்போ வெற்றி மெயிலையும் தினம் அனுப்பிவிடலாம்.' பாதி மருந்துதான் அது. முதல் வாரம் ஆர்வமாகப் பார்ப்பீர்கள். அப்புறம் ஃபில்டர் போட்டு ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவிடுவீர்கள். தினமும் வரும் மெயில் ஒருநாள் வராமல் போனால் அதைக் கவனிக்கும் மனிதரை நான் இன்னும் பார்க்கவில்லை. வராததைக் கவனிக்க இன்னொரு மெஷின் வேண்டும், அதுவும் இந்தச் சர்வருக்கு வெளியே. ஹெல்த்செக்ஸ் போன்றவை இதற்கென்றே இருக்கின்றன. வேண்டுமானால் வேறொரு சர்வரில் நீங்களே நிறுவிக்கொள்ளலாம். பேக்கப் முடிந்ததும் ஸ்கிரிப்ட் அந்தச் சேவையின் ஒரு இணைய முகவரியைக் கர்ல் என்ற கமாண்டைக் கொண்டு தட்டும். குறித்த நேரத்துக்குள் தட்டல் வராவிட்டால் அந்தச் சேவை உங்களைக் கூப்பிடும். அந்த எச்சரிக்கையும் உங்கள் சர்வரின் பாஸ்வேர்டை நம்பி வரக்கூடாது, வேறு வழியில் வரவேண்டும்.

இங்கேயும் ஒரு பொறி. பேக்கப் கமாண்டுக்கும் கர்லுக்கும் நடுவே அரைப்புள்ளி போட்டால் பேக்கப் தோற்றாலும் தட்டல் போய்விடும். && போடுங்கள், முதல் கமாண்டு வென்றால்தான் அடுத்தது ஓடும். பேக்கப்பின் வெளியீட்டைப் பைப் (ஒரு கமாண்டின் வெளியீட்டை அடுத்ததற்குத் தரும் குறி) வழியாக டீ கமாண்டுக்கு அனுப்பி லாக்கில் எழுதுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஷெல் வழக்கமாகக் கடைசிக் கமாண்டின் முடிவைத்தான் பார்க்கும். டீ தோற்பது அபூர்வம். பாஷ் என்ற ஷெல்லில் பைப்ஃபெயில் அமைப்பைப் போடாவிட்டால், தோற்ற பேக்கப்பும் வெற்றி என்றே பதிவாகும்.

நிமிடத்துக்கு ஒரு மெயில்

டிஸ்க் நிரம்பியதா என்று கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் நிரல்) நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கிறது, நிரம்பியிருந்தால் மெயில். இரவு 11 மணிக்கு நிரம்பினால் காலை ஏழரை மணிக்குள் 500 மெயில் போயிருக்கும். சாதாரண ஜிமெயில் கணக்குக்கு ஒருநாள் வரம்பே அவ்வளவுதான். அதன்பின் அதே கணக்கிலிருந்து போகவேண்டிய பேக்கப் மெயிலும் போகாது. நிலை மாறும்போது மட்டும் அனுப்புங்கள்: நிரம்பியது என்று ஒன்று, சரியானது என்று ஒன்று. கடைசி நிலையை ஒரு சின்னக் கோப்பில் எழுதிவைத்தால் போதும்.

மெயிலின் தலைப்பு

'அலர்ட்' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த மெஷின், என்ன வேலை என்பது வரட்டும். தலைப்பு மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். அதில் தமிழ் வந்தால் தனிக் குறியாக்கம் வேண்டும், எல்லா மெயில் கமாண்டும் அதைச் செய்வதில்லை.

ரூட்டுக்குப் போகும் மெயில்

உங்கள் ஸ்கிரிப்ட் ஒன்று மட்டும் மெயில் அனுப்பவில்லை. ரெய்டை (பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் அமைப்பு) கவனிக்கும் எம்டிஅட்மின், டிஸ்க் ஆரோக்கியம் பார்க்கும் ஸ்மார்ட்டி, கிரான் எல்லாம் வழக்கமாக 'ரூட்' என்ற பெயருக்கே, அதாவது மெஷினின் நிர்வாகிக் கணக்குக்கே அனுப்பும். இணையத்தில் ரூட் என்று யாரும் இல்லை. ரூட்டை உங்கள் முகவரிக்குத் திருப்பிவிடும் வரியை எழுதாமல் விட்டால், டிஸ்க் ஒன்று செத்த சேதி வழியிலேயே நின்றுவிடும். அனுப்புநர் முகவரியையும் நீங்களே குறிப்பிடுங்கள். மெஷின் பெயரை ஒட்டி அதுவாகச் செய்துகொள்ளும் முகவரியைப் பல மெயில் சேவைகள் ஏற்பதில்லை.

டெர்மினலிலிருந்து ஒரு மெயில் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். எதிர்முனை 250 என்று பதில் தந்தால், வாங்கிக்கொண்டது என்று மட்டும்தான் பொருள். ஸ்பேமுக்குள் போட்டதா என்று இன்பாக்ஸில்தான் தெரியும். கிரானிலிருந்தே ஒரு வேலையை வேண்டுமென்றே தோற்கவிட்டுப் பாருங்கள். எம்டிஅட்மினுக்குச் சோதனை மெயில் அனுப்ப அதன் மானிட்டர் கமாண்டிலேயே வசதி இருக்கிறது, ஸ்மார்ட்டிக்கும் உண்டு. ஏதாவது வந்து சேரவில்லையா? டெபியன் 12 முதல், லாக் கோப்புகளை எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக நிறுவப்படுவதில்லை, அதனால் பழைய மெயில் லாக் கோப்பைத் தேடி அலையாமல் நேரே ஜர்னலை (சிஸ்டம்டியின் லாக்) திறங்கள்.