எழுவாய் என்றால் ‘செய்பவர்’ இல்லை: ஆங்கிலத் தொடரியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் புது முதுகலை வகுப்பு வருகிறது. ஆங்கிலத் தொடரியல், அதாவது வாக்கிய அமைப்புத் தாளின் முதல் தேர்வு முடிந்து விடைத்தாள் கட்டைப் பிரித்தால், போன வருடத்துக் கட்டையே மறுபடி கொடுத்துவிட்டார்களோ என்று சந்தேகம் வரும். மாணவனாக இருந்தபோது நானும் சறுக்கிய இடங்கள்தான் இவை. அதனால் அடுத்த வரியில் என்ன எழுதியிருப்பார்கள் என்பதுகூடத் தெரிந்துவிடுகிறது. ஸ்பெல்லிங், விடுபட்ட ‘எஸ்’, மூடாத அடைப்புக்குறி போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை பழகப் பழகத் தானே சரியாகும். பழகினாலும் சரியாகாதவை சில உண்டு.

சோதிக்காமல் மரம் வரைவது

தொடரியல் என்றதும் எல்லோருக்கும், சொற்கள் எப்படிச் சேர்கின்றன என்று கிளை கிளையாகக் காட்டும் மரப்படம்தான் நினைவுக்கு வரும். வாக்கியத்தைப் பார்த்த உடனே உச்சியில் சென்டென்ஸைக் குறிக்கும் ஓர் ‘எஸ்’ போட்டு இரண்டு கோடு இழுத்துவிடுகிறார்கள். எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்று தெரியாமல் கோடு போட்டு என்ன பயன்?

வகுப்பில் நான் எப்போதும் கொடுக்கும் ஜோடி இது: “ஹி ரேன் அப் எ பிக் ஹில்”, “ஹி ரேன் அப் எ பிக் பில்”. முதல் ஆள் பெரிய குன்றில் ஓடி ஏறினான், இரண்டாவது ஆள் ஹோட்டலிலோ கடையிலோ பெரிய தொகைக்குப் பில்லை ஏற்றிவிட்டான். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் பாதிப் பேர் ஒரே மரத்தை இரண்டு முறை வரைவார்கள். ‘அப்’பில் தொடங்கும் பகுதியை முன்னால் நகர்த்திப் பாருங்கள். “அப் எ பிக் ஹில் ஹி ரேன்” கொஞ்சம் கவிதை வாடை அடித்தாலும் ஆங்கிலம்தான். “அப் எ பிக் பில் ஹி ரேன்” என்று யாரும் சொல்லமாட்டார்கள். அங்கே ‘அப்’ வினையோடு ஒட்டிக்கொண்டது, பில்லோடு அதற்கு உறவில்லை. “ஹி ரேன் எ பிக் பில் அப்” என்று ‘அப்’பைக் கடைசிக்குத் தள்ள முடிவதும் அதனால்தான். குன்றுக்கு அந்த வசதி கிடையாது.

ஒரே ஒரு சோதனையை நம்பி முடிவு கட்டுவதும் ஆபத்து. ‘அண்ட்’ போட்டு இணைக்க முடிந்தால் அது ஒரு கூறு, அதாவது மரத்தில் ஒரே கிளையாக நிற்கும் பகுதி, என்று சிலர் பிடித்துக்கொள்வார்கள். “ஜான் லைக்ஸ், அண்ட் மேரி ஹேட்ஸ், ஆப்ரா” என்பது நல்ல ஆங்கிலம். அப்படியானால் ‘ஜான் லைக்ஸ்’ ஒரு கூறா? வழக்கமான மரத்தில் எழுவாயும் வினையும் மட்டும் சேர்ந்த கிளையே கிடையாது. மார்க் ஸ்டீட்மன் வளர்த்த கேட்டகோரியல் இலக்கணம் என்ற வேறொரு கொள்கையில் அதையும் ஒரு கூறாக ஏற்பார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள், போதும்.

எழுவாய் = செய்பவர்

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். எத்தனை வருடம் ஆனாலும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

எழுவாயைக் கண்டுபிடிக்கப் பள்ளியில் ஒரு குறுக்குவழி சொல்லித்தருகிறார்கள். வினையைப் பிடி, ‘யார் செய்தது?’ என்று கேள், வரும் பதில்தான் சப்ஜெக்ட். “தி டாக் பிட் தி மேன்” வரைக்கும் இது ஓடும். “இட் இஸ் ரெய்னிங்” வந்தால் நின்றுவிடும். யார் பெய்தது? தமிழில் ‘மழை பெய்கிறது’ என்கிறோம், மழை என்ற எழுவாய் கைக்குக் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காகவே ‘இட்’ உட்கார்ந்திருக்கிறது. அது எதையும் செய்யவில்லை, எதையும் குறிக்கவும் இல்லை. ஆனாலும் அதுதான் எழுவாய்.

“திஸ் டென்ட் ஸ்லீப்ஸ் ஃபோர்” என்றால் கூடாரம் தூங்குவதில்லை. “மண்டே சா ஹெவி ரெயின்” என்றால் திங்கட்கிழமைக்குக் கண் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தைத் தேர்வில் கொடுத்தபோது ‘ரெயின்’தான் எழுவாய், ‘மண்டே’ காலத்தைக் காட்டும் அடை என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். மண்டே எப்படி எழுவாயாகும் சார், அது ஒன்றும் செய்யவில்லையே என்று ஒரு பையன் சண்டைக்கே வந்துவிட்டான்.

இங்கே மூன்று தனித்தனிச் சங்கதிகள் இருக்கின்றன. ஒரு தொடர் என்ன வகை என்பது ஒன்று: பெயர்த்தொடர், முன்னிடைத் தொடர், முழு உள்வாக்கியம் என்று. வாக்கியத்தில் அது என்ன பொறுப்பு வகிக்கிறது என்பது இன்னொன்று: எழுவாய், செயப்படுபொருள், அடை. நடந்த நிகழ்ச்சியில் அதன் பங்கு என்ன என்பது வேறு: செய்த கருத்தா, பாதிக்கப்பட்டது, கருவி, இடம். பெயர்ச்சொல் என்பதால் ஒன்று எழுவாயாகிவிடாது. “ஹி அரைவ்ட் மண்டே” என்பதில் மண்டே பெயர்தான், ஆனால் அடையாக நிற்கிறது. எழுவாய் பெயராகத்தான் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. “அண்டர் தி பெட் இஸ் எ குட் பிளேஸ் டு ஹைட்” என்பதில் எழுவாய் ஒரு முன்னிடைத் தொடர். எழுவாய் கருத்தாவாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

இந்தக் கடைசி விஷயம் தமிழ் படித்தவர்களுக்குப் புதிதாகவே இருக்கக்கூடாது. ‘கொல்லனால் செய்யப்பட்ட வாள்’ என்பதில் கொல்லன் கருத்தா. ஆனால் மூன்றாம் வேற்றுமையில் நிற்கிறான். கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்று மூன்றாம் வேற்றுமைப் பொருளைப் பத்தாம் வகுப்புக்குள் ஒப்பித்திருப்போம். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம், ‘செயப்படுபொருளைச் செய்தது போலத் தொழிற்படக் கிளத்தலும் வழக்கியல் மரபே’ என்கிறது. உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் ‘திண்ணை மெழுகிற்று’. திண்ணை மெழுகாது, மெழுகப்படும். “திஸ் ஷர்ட் வாஷஸ் ஈசிலி” என்ற ஆங்கில வாக்கியத்தை வைத்துக்கொண்டு வகுப்பே முழிக்கும்போது, இதை ஏற்கெனவே படித்துவிட்டுத்தானே வந்தீர்கள் என்று கேட்கத் தோன்றும்.

சரி, ஒரு சொல்லைத் தப்பாகக் குறித்தால் என்ன குடி முழுகிவிடும்? ஒரு முனைவர் பட்ட மாணவி, என் மாணவி அல்ல, தன் ஆய்வேட்டை மேலோட்டமாகப் பார்த்துத் தரும்படி கொண்டுவந்தார். கிரிக்கெட் செய்திகளிலிருந்து ஏராளமான வாக்கியங்களைச் சேகரித்து ஒவ்வொன்றிலும் எழுவாயைக் கையால் குறித்திருந்தார். பெரிய உழைப்பு. அவருடைய முடிவு: விளையாட்டுச் செய்தி ஆங்கிலத்தில் எழுவாய் பெரும்பாலும் மனிதர்கள்தான். எனக்குச் சந்தேகம் வந்து தரவைத் திறந்தேன். “தி பால் வாஸ் டிராப்ட் பை டூ ஃபீல்டர்ஸ்” மாதிரி வாக்கியங்களில் எல்லாம் ஃபீல்டர்களை எழுவாய் என்று குறித்திருந்தார். கேட்டால், அவர்கள்தானே சார் பந்தைக் கோட்டைவிட்டார்கள் என்றார். செய்பவரையே எழுவாய் என்று குறித்துவிட்டு, எழுவாய் மனிதராகவே இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்! தரவு சொல்வதற்கு எதுவுமே மிச்சமில்லை. வழிகாட்டி கையெழுத்துப் போட்டிருந்தார். அவரும் அதே குறுக்குவழியில் வந்தவராக இருக்கவேண்டும். முழுத் தரவையும் முதலிலிருந்து குறிக்க வேண்டியதாயிற்று. புது முடிவு பழையதைப் போல அவ்வளவு பளிச்சென்று இல்லை.

‘யார் செய்தது’ என்பதற்குப் பதிலாக வாக்கியத்தையே கேளுங்கள். வினை எதற்கு இணங்குகிறது? ஃபீல்டர்கள் இரண்டு பேர், வினையோ ‘வாஸ்’. அப்போது அது பந்துக்குத்தான் இணங்குகிறது. கேள்வியாக்கினால் துணைவினை எதைத் தாண்டி முன்னால் போகிறது? “வாஸ் தி பால் டிராப்ட்?” கடைசியில் வால்கேள்வி ஒட்டினால் எந்தப் பிரதிப்பெயர் வருகிறது? “வாஸண்ட் இட்?” அந்த இடத்தில் பிரதிப்பெயர் போட்டால் ‘ஹி’யா ‘ஹிம்’மா? இவை எல்லாம் ஒரே தொடரைக் காட்டினால் விஷயம் முடிந்தது.

சில சமயம் ஒரே தொடரைக் காட்டாது. “தேர் ஆர் த்ரீ ப்ராப்ளம்ஸ்” என்பதில் ‘ஆர்’ பன்மை, அது ப்ராப்ளம்ஸோடு போகிறது. ஆனால் கேள்வியும் வால்கேள்வியும் ‘தேர்’ பக்கம்: “ஆர் தேர்?”, “ஆரண்ட் தேர்?” ஹடில்ஸ்டன், புல்லம் இருவரின் 2002 கேம்பிரிட்ஜ் இலக்கணம் ‘தேர்’ என்பதையே எழுவாயாகக் கொள்கிறது. இப்படிச் சோதனைகள் பிரிகிற இடத்தில் வாதாடினால் அது தொடரியல். யார் செய்தது என்று வாதாடுவது போலீஸ் வேலை.

எழுவாயையும் கருத்தாவையும் ஒட்டவைத்தவர்களுக்கு அடுத்த செமஸ்டரில் எதுவுமே புரியாது. “ரவி சீம்ஸ் டு பி ஸ்லீப்பிங்”, “ரவி ட்ரைஸ் டு பி ஸ்லீப்பிங்” இரண்டும் ஒரே அச்சு என்று நினைப்பார்கள். ரவியை எடுத்துவிட்டு ‘இட்’ போடுங்கள். “இட் சீம்ஸ் டு பி ரெய்னிங்” சரி, “இட் ட்ரைஸ் டு பி ரெய்னிங்” சரியில்லை. முயல்வதற்கு ஓர் ஆள் வேண்டும், அதனால் ‘ட்ரை’ தன் எழுவாய்க்கு ஒரு பங்கு கொடுக்கிறது. ‘சீம்’ எதுவும் கொடுப்பதில்லை, அங்கே ரவி வெறும் எழுவாய். செயப்பாட்டு வினையிலும் இதே கதை. ‘சப்ஜெக்டும் ஆப்ஜெக்டும் இடம் மாறுகின்றன’ என்று பயிற்சிப் புத்தகங்கள் சொல்கின்றன. நிகழ்ச்சியில் யாருடைய பங்கும் மாறவில்லை. மாறியது பொறுப்பு மட்டும்.

எல்லாக் கொள்கையும் ஒன்றுதான், பெயர்தான் வேறு

தொடரின் வகை, பொறுப்பு, பங்கு என்று மேலே சொன்ன மூன்றையும் கலந்துவிட்டவர்களுக்கு அப்படித்தான் தெரியும். கொள்கைகள் சண்டை போடுவதே அவற்றுக்கு இடையே என்ன உறவு என்பதில்தான். அமெரிக்க மொழியியலாளர் சாம்ஸ்கியின் 1965 நூலில் எழுவாய் என்பது ஒரு முகவரி: வாக்கியத்தின் நேர் கீழே உள்ள பெயர்த்தொடர். 1970களில் பெர்ல்மட்டரும் போஸ்டலும் இதைத் தலைகீழாக்கி, எழுவாயும் செயப்படுபொருளும்தான் அடிப்படை, இடத்திலிருந்து அவற்றைப் பெற முடியாது என்றார்கள். பிரெஸ்னனும் கேப்லனும் 1982இல் வெளியிட்ட எல்எஃப்ஜி (லெக்சிகல் ஃபங்ஷனல் கிராமர்) முறையில் மரம் ஒரு தளம், எழுவாய் போன்ற பொறுப்புகள் இன்னொரு தளம், இரண்டுக்கும் இடையே பொருத்தம் காட்டவேண்டும். தெனியேர் இறந்தபின் 1959இல் வந்த அவருடைய பிரெஞ்சு நூல் வினையை உச்சியில் வைத்து, எழுவாயைச் செயப்படுபொருளோடு ஒரே வரிசையில் உட்காரவைத்தது.

பங்குகளை வினைதான் தருகிறதா என்பதிலும் தகராறு உண்டு. “ஹி ஸ்னீஸ்ட் தி நாப்கின் ஆஃப் தி டேபிள்” என்று கோல்ட்பெர்க் 1995இல் ஓர் உதாரணம் காட்டினார். தும்முவதற்குச் செயப்படுபொருள் கிடையாது, இங்கே நாப்கின் எங்கிருந்து வந்தது? வாக்கிய அமைப்பே அதைக் கொண்டுவருகிறது என்பது அவர் கட்சி. எனக்கு இந்த விஷயத்தில் அவர் பக்கம்தான் சாய்வு.

நட்சத்திரக் குறியைச் சிவப்புப் பேனாவாக்குவது

அந்த மொழி பேசுபவர்கள் சொல்லாத வாக்கியத்துக்கு முன்னால் மொழியியலார் நட்சத்திரம் போடுவார்கள். வாத்தியார் அடிப்பார் என்பதற்காகப் போடுவதில்லை. “இட் இஸ் மீ”, “ஹூ ஆர் யூ டாக்கிங் டு?” இரண்டுக்கும் நட்சத்திரம் போட்டுக்கொண்டு வருகிறார்கள். வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிப்பதைக் குறை சொன்னவர் 17ஆம் நூற்றாண்டுக் கவிஞர் டிரைடன். எல்லோரும் பழிபோடும் ராபர்ட் லௌத்கூட 1762இல் எழுதிய இலக்கணத்தில், பேச்சு நடைக்கு அது பொருந்தும், உயர்ந்த நடையில் முன்னால் வைப்பது அழகு என்ற அளவில்தான் நிறுத்திக்கொண்டார்.

போடக்கூடாத இன்னொன்று “கலர்லெஸ் கிரீன் ஐடியாஸ் ஸ்லீப் ஃப்யூரியஸ்லி”. பொருள் இல்லை, அமைப்பு சரி. 1957இல் சாம்ஸ்கி அதை எழுதியதே இந்த வித்தியாசத்தைக் காட்டத்தான்.

எதிர்கால டென்ஸ்

ஆங்கில வினை வடிவத்தில் இரண்டே காலம். ‘வில்’ என்பது ‘கேன்’, ‘மே’ போல ஒரு மோடல் துணைவினை. தமிழில் மூன்று இருப்பதால் அங்கேயும் தேடாதீர்கள்.

‘ஸ்டோன் வால்’ என்பதில் ஸ்டோன் பெயரடை

பெயர்தான். ‘எ வெரி ஸ்டோன் வால்’ என்று சொல்லிப் பாருங்கள்.

சாம்ஸ்கியின் 1965ஐயும் 1995ஐயும் ஒரே பத்தியில் கலப்பது

‘மினிமலிசத்தில் புதைநிலை அமைப்பிலிருந்து புறநிலை அமைப்பு பெறப்படுகிறது’ என்று எழுதினால் பாதி மதிப்பெண்ணுக்கு மேல் தரமாட்டேன். புதைநிலை, அதாவது நாம் சொல்லும் வடிவத்துக்கு அடியில் இருப்பதாகக் கொள்ளும் அமைப்பு, 1965இல் பெரிய சங்கதி, 1981இல் வேறு பெயரோடு, வேறு வேலையோடு நீடித்தது. 1995இல் மினிமலிசம் என்ற தன் புதுத் திட்டத்தில் அந்த இரண்டு நிலைகளையும் சாம்ஸ்கியே கைவிட்டார். பெயர்த்தொடரின் தலை பெயரா, ‘தி’ போன்ற டிட்டர்மினரா என்பதும் இப்படித்தான். ஆப்னியின் 1987 ஆய்வேட்டுக்குப் பிறகு பலர் டிட்டர்மினர் பக்கம் போனார்கள், போகாதவர்களும் உண்டு. இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுங்கள். ஒரே மரத்தின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் மற்றொன்று என்று மட்டும் வரையாதீர்கள்.

முக்கோணம்

மரத்தில் ஒரு தொடரைப் பிரித்து வரையாமல் சுருக்கிக் காட்டும் முக்கோணத்தை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் போடுங்கள். தெரியாததை மூடப் போட்டீர்களா என்று திருத்துகிறவருக்குத் தெரியும்.