புது ஜிசிசி வந்ததும் பழையதை நீக்கிவிடாதீர்கள்

மென்பொருள்களை மூல நிரலிலிருந்தே கட்டிக்கொள்ளும் லினக்ஸ் வகையான ஜென்டூவில் எந்தப் பேக்கேஜ் கெட்டாலும் மறுபடி கம்பைல் செய்து சரிபண்ணிவிடலாம். மூல நிரலை இயங்கும் நிரலாக்கும் கம்பைலரே கெட்டால் எதை வைத்துச் சரிபண்ணுவது? அதனால்தான் அந்தக் கம்பைலரான ஜிசிசியின் புதுப் பெரிய பதிப்பு வரும்போது, வேறு வேலை இல்லாத ஒரு நாளை அதற்கென்றே ஒதுக்கிவிடுகிறேன்.

ஜிசிசியின் ஒவ்வொரு பெரிய பதிப்பும் தனி ஸ்லாட்டில், அதாவது மற்றதை அழிக்காமல் அதன் பக்கத்திலேயே, உட்காரும். 13 இருக்கும்போதே 14ஐப் போட்டுக்கொள்ளலாம். நிறுவுவது ஒரு வேலை, அதற்கு மாறுவது இன்னொரு வேலை, பழையதை நீக்குவது மூன்றாவது வேலை. மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

எனக்கு இது தெரியாமல் போனது 4.9 இலிருந்து 5க்கு வந்தபோது. புதியதை நிறுவினேன், மாறவில்லை. தேவையற்ற பேக்கேஜ்களை நீக்க வழக்கமாக ஓட்டும் டிப்கிளீனை அன்றும் ஓட்டினேன். அது உயர்ந்த பதிப்பை வைத்துக்கொண்டு, நான் உண்மையில் பயன்படுத்திக்கொண்டிருந்த 4.9ஐத் தூக்கிவிட்டது. அடுத்து எதைக் கம்பைல் செய்தாலும், சி கம்பைலரால் இயங்கும் கோப்பை உருவாக்க முடியவில்லை என்று, கட்டும் முன் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் நின்றது. 5ஐத் தேர்ந்தெடுத்ததும் அது சரியானது. ஆனால் 2015இல் வந்த அந்தப் பதிப்பில்தான் சி++ ஸ்ட்ரிங், லிஸ்ட் வகைகளின் உள்ளமைப்பு மாறியிருந்தது. பழைய நூலகங்களோடு புது நிரல்கள் லிங்க் ஆகவில்லை, திரும்பிப் போகப் பழைய கம்பைலரும் இல்லை. சி++ நூலகங்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்ட இரண்டு நாள் ஆனது.

அன்றிலிருந்து முதல் வேலை, இப்போதைய ஜிசிசியை ஸ்லாட் எண்ணோடு, பேக்கேஜ்களை நிறுவும் கட்டளையான எமெர்ஜின் நோரீப்ளேஸ் தெரிவு வழியாக, நான் வேண்டும் என்று குறித்தவற்றின் பட்டியலான வேர்ல்டு பட்டியலில் சேர்ப்பது. அப்புறம் டிப்கிளீன் அதைத் தொடாது. கூடவே குவிக்பேக்கேஜ் (quickpkg) கட்டளை கொண்டு அதை பைனரி பேக்கேஜாகவும், அதாவது கட்டி முடித்த வடிவிலும், எடுத்துவைக்கிறேன். கம்பைலரே இல்லாத நிலையிலும் எமெர்ஜ் அதை அப்படியே நிறுவித் தரும்.

கம்பைல் தொடங்கும் முன் இடத்தைப் பாருங்கள். ஜென்டூவின் பேக்கேஜ் மேலாளரான போர்ட்டேஜின் தற்காலிக அடைவை, ரேமில் இருக்கும் டெம்ப்எஃப்எஸ்ஸில் வைத்திருந்தால், ஜிசிசிக்கு மட்டும் அதை டிஸ்க்குக்கு மாற்றுங்கள். நான் 10 ஜிபிக்குக் குறையாமல் காலியாக வைப்பேன். ஒரே நேரத்தில் எத்தனை ஜாப் ஓட வேண்டும் என்று சொல்லும் மேக்ஆப்ட்ஸில் ஒரு ஜாபுக்கு 2 ஜிபி ரேம் என்று கணக்கிடுங்கள். 16 ஜிபி இருந்தால் எட்டு ஜாப் போதும். போன முறை எவ்வளவு நேரம் ஆனது என்பதை ஜென்லாப் காட்டும். தொலைவிலிருந்து செய்கிறீர்கள் என்றால் டீமக்ஸுக்குள் ஓட்டுங்கள், இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது.

இவ்வளவு நேரம் ஏன் எடுக்கிறது என்று கேட்பார்கள். பழைய கம்பைலர் புது ஜிசிசியை ஒருமுறை கட்டுகிறது. அப்படிக் கட்டப்பட்டது தன்னையே மறுபடி கட்டுகிறது. அதுவும் இன்னொருமுறை தன்னைக் கட்டுகிறது. பிறகு இரண்டாம், மூன்றாம் கட்டங்களின் ஆப்ஜெக்ட் கோப்புகள் ஒப்பிடப்படுகின்றன. வேறுபட்டால் அங்கேயே நின்றுவிடும். புதியது தன்னைச் சரியாகக் கட்டுகிறதா என்பதற்கு இதைவிட நேர்மையான பரிசோதனை எனக்குத் தெரியாது. நேரத்தை மிச்சப்படுத்த இதை அணைத்துவிடாதீர்கள்.

நடுவில் நின்றால் செய்தியைப் படியுங்கள். கம்பைலர் ‘கில்டு’ என்று வந்தால் பெரும்பாலும் ரேம் தீர்ந்திருக்கும், ஜாபைக் குறையுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் செக்மென்டேஷன் ஃபால்ட் வந்தால் ஜிசிசியைச் சந்தேகிக்கும் முன் ரேமையும் சூட்டையும் சோதியுங்கள்.

நிறுவி முடித்தபின் ஜிசிசி-கான்ஃபிக்கில் பட்டியலைப் பார்த்து, புதியதன் எண்ணைக் கொடுத்து மாறுங்கள். திறந்திருக்கும் ஒவ்வொரு டெர்மினலிலும் ப்ரொஃபைல் கோப்பை மறுபடி ஏற்ற வேண்டும், இல்லையென்றால் அந்த ஷெல் பழைய பாதையிலேயே இருக்கும். பதிப்பு எண்ணைக் கேட்டுப் பார்த்து உறுதிசெய்யுங்கள். நூலகங்களைக் கட்ட உதவும் லிப்டூல் தனக்குள் ஜிசிசியின் பாதையை எழுதிவைத்துக்கொள்வது, ஆகவே அதை உடனே ஒருமுறை ஒன்ஷாட்டாக, அதாவது வேர்ல்டு பட்டியலில் சேர்க்காமல், கட்டிவிடுங்கள்.

இனி சோதனை. முதலில் பத்து வரி சி நிரல், பிறகு எக்செப்ஷன் எறிந்து பிடிக்கும் சி++ நிரல். இரண்டும் ஓடினால் சிமேக் போன்ற ஒரு பெரிய சி++ பேக்கேஜைக் கட்டுகிறேன். அதுவும் ஓடினால் கெர்னல்: பழைய ஆப்ஜெக்டுகளைச் சுத்தம் செய்துவிட்டு, கெர்னலையும் வெளியிலிருந்து வரும் மாட்யூல்களையும் ஒரே கம்பைலரால் கட்டுகிறேன். பழைய கெர்னலை பூட் மெனுவில் விட்டுவைக்க மறக்காதீர்கள்.

சில பேக்கேஜ்கள் கட்டமாட்டேன் என்று அடம்பிடிக்கும். அது கம்பைலரின் பழுது அல்ல. 2020இல் வந்த 10ஆம் பதிப்பு, ஒரே குளோபல் மாறியைப் பல கோப்புகளில் வரையறுத்த நிரல்களை லிங்க் செய்ய மறுத்தது. 2024இன் 14, அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிடுவதைப் பிழையாக்கியது. 2025இன் 15, சி மொழியின் 23ஆம் தரத்தை இயல்பாக்கியது. இப்படி விழும் பேக்கேஜுக்கு மட்டும் பேக்கேஜ்.என்வ் கோப்பில் பழைய தரத்தையோ பழைய தெரிவையோ கொடுங்கள். மொத்த கணினிக்குமான கம்பைலர் தெரிவுகளைச் சொல்லும் சிஃபிளாக்ஸில் போட்டுவிட்டால் உண்மையான பிழைகளும் மறைந்துபோகும்.

வேர்ல்டு முழுவதையும் மறுபடி கட்ட வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். 5 போன்ற மாற்றம் வந்தால் ஜென்டூவே செய்தியில் சொல்லும். அந்தச் செய்திகளைக் காட்டும் ஈசெலக்ட் நியூஸைப் படிக்காமல் தொடங்காதீர்கள். லிங்க் செய்யும்போது நிரலை மேம்படுத்தும் எல்டிஓவைப் பயன்படுத்துவோருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: அதற்காக ஆப்ஜெக்ட் கோப்புகளில் எழுதப்படும் பைட்கோடு பெரிய பதிப்புகளுக்கு இடையே ஒத்துப்போகாது. ஸ்டேட்டிக் நூலகங்களில் பதிப்பு பொருந்தவில்லை என்று பிழை வந்தால் அவற்றை மட்டும் திரும்பக் கட்டுங்கள்.

பழையதை நான் நீக்குவது மூன்று வாரம் கழித்து, இடையில் இரண்டு முழு அப்டேட்டாவது புதியதில் ஓடியபிறகு. வேர்ல்டு பட்டியலிலிருந்து டிசெலக்ட் செய்து, டிப்கிளீனை முதலில் எதையும் நீக்காமல் பட்டியல் மட்டும் காட்டும் ப்ரிடெண்டோடு ஓட்டிப் பட்டியலைப் படிக்கிறேன். அதில் அந்தப் பழைய ஸ்லாட் மட்டும் இருந்தால் நீக்குகிறேன். குவிக்பேக்கேஜில் எடுத்த கோப்பை அடுத்த பெரிய பதிப்பு வரும்வரை அழிப்பதில்லை.